பெட்டிக்குப் பொன் எழுத்து, படத்துக்குக் கத்தரி

பழைய தமிழ்ப் படங்களுக்கு ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்றும் ‘டீலக்ஸ் பதிப்பு’ என்றும் பெயர் சூட்டி, ஆயிரங்களில் விலை வைத்து, தரமற்ற டிஸ்க்கை உள்ளே போட்டு விற்பவர்கள் வாங்குகிறவரை ஏமாற்றுகிறார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் ஓடுவது வேறொன்று. இந்த வியாபாரத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். இதை உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இந்தப் பெட்டிகளை வாங்குகிறவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள்தான் அதிகம். தாம்பரம் எம்.ஆர். தியேட்டரிலும் குரோம்பேட்டை வெற்றியிலும் பல்லாவரம் ஜனதாவிலும் படம் பார்த்த தலைமுறை அது. வீடியோ லைப்ரரியில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்கப் பார்த்தவர்கள். இன்றும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இவர்களைப் பார்க்கலாம். பழைய டிரங்க் சாலையோரம் தார்ப்பாயில் குவித்திருக்கும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்ப்பார்கள். நடுத்துளையைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பார்கள். பத்து ரூபாய் டிஸ்க்குக்கே இவ்வளவு கவனமாக இருக்கும் மனிதர், உறையைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க முடியாத ஒரு பெட்டிக்குப் பென்ஷன் பணத்தில் ஆயிரங்களை எடுத்து வைக்கிறார் என்றால், அது அந்தப் படத்தின் மீதுள்ள பற்று. அந்தப் பற்றைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

“எல்லாம் ஓடிடியில் கிடைக்கிறதே, டிஸ்க் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. ஓடிடியில் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் படம் காணாமல் போய்விடும். யூடியூபில் கிடைக்கும் பிரதிகளில் பாதிக்கு மூலையில் லோகோ, நடுவில் விளம்பரம், முடிவில் அரைகுறை. அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்த உறுதிக்காகத்தான் இவர்கள் வாங்குகிறார்கள்.

அண்மையில் சேலையூர் வாசகர் ஒருவர் அப்படி வாங்கிய பெட்டியை நம் அலுவலகத்துக்கு எடுத்துவந்து காட்டினார். குறை ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை என்பதால் பெயரைத் தவிர்க்கிறோம். வெல்வெட் ஒட்டிய அட்டைப்பெட்டி. தங்க நிறத்தில் புடைத்த எழுத்து. உள்ளே வழவழப்பான தாளில் போஸ்ட்கார்டுகள், நாயகன் முகம் பதித்த ஒரு சாவிக்கொத்து. படம் அறுபதுகளின் வண்ணப்படம். டிஸ்க்கைப் போட்டதும் தாண்ட முடியாத விளம்பரங்கள் வந்தன. பிறகு படம் தொடங்கியது. வலது மேல் மூலையில் நிறுவனத்தின் லோகோ குடியேறி, கடைசிக் காட்சி வரை இறங்கவே இல்லை. அரசர் அரியணையில் அமர்ந்தால் கிரீடத்தின் பாதி திரைக்கு வெளியே. எல்லோர் முகமும் செங்கல் நிறம். ஒரு பாட்டில் சரணமே இல்லை. வாசகர் தன்னிடமிருந்த பழைய மலிவு விலை டிவிடியையும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினோம். ரீல் மாறும் இடத்தில் அறுந்து தாவும் அதே வசனம், அதே நொடியில் அதே பச்சைக் கீறல். பழைய மாஸ்டரையே எடுத்து மேலும் கீழும் வெட்டி, புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். பெட்டியில் ‘டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறது.

இந்தக் கிரீடம் ஏன் வெட்டுப்பட்டது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் மிகப் பெரிய அக்கிரமம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முன் வந்த எந்தத் தமிழ்ப் படமும் சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்டதல்ல. அன்றைய வழக்கமான சட்டத்தில் அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்குதான், அதாவது கிட்டத்தட்ட பழைய டிவித் திரையின் வடிவம். இன்றைய வீட்டு டிவியின் திரை 1.78 மடங்கு. பழைய படத்தை இந்தத் திரை முழுக்க நிரப்ப வேண்டும் என்றால் மேலும் கீழும் வெட்டி, படத்தின் ஏறத்தாழ 23 சதவீதத்தைத் தூக்கி எறிய வேண்டும். 2.35 மடங்கு சினிமாஸ்கோப்பாக்கினால் போவது ஏறத்தாழ 42 சதவீதம். வெட்டாமல் இழுத்துப் பரப்பினாலோ எல்லோரும் குள்ளமாகவும் குண்டாகவும் தெரிவார்கள். வேறு வழியே கிடையாது. 1973-க்கு முந்தைய படத்தின் மேல் ‘சினிமாஸ்கோப்’ என்று எழுதியிருந்தால், படத்தைச் சிதைத்துவிட்டோம் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள் என்று பொருள்.

இந்தக் கணக்கை 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளின் மேல் வைத்துப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் கே.எஸ். பிரசாத். பரதநாட்டியப் படம் அது. ஆடுபவரின் கண்ணும் கையும் பாதமும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால்தான் அது ஆட்டம். பத்மினியின் பாதத்தை வெட்டினால் சலங்கை ஒலி மட்டும் மிஞ்சும். தலையை வெட்டினால் அபிநயம் போய்விடும். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று ஒரு கணினி முன் உட்கார்ந்து யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்த உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது யார்?

2012 மார்ச்சில் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) டிஜிட்டலாக மீண்டும் வந்து 100 நாள் தாண்டி ஓடியது. பழைய படத்துக்கு இன்றும் கூட்டம் வரும் என்று நிரூபித்த அந்த முயற்சிக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறோம். ஆனால் அந்த வெற்றியைத் தொடர்ந்து, பழைய படம் என்றாலே அகலத் திரைக்கு மாற்றுவதுதான் புதுப்பித்தல் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அதே ஆண்டு ‘திருவிளையாடல்’ (1965) சினிமாஸ்கோப்பாகவே உட்லண்ட்ஸில் வெளியானது. ‘ஒரிஜினல் சட்டத்தில்’ என்று விளம்பரம் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. தியேட்டரில் அது ஒருநாள் காட்சி, முடிந்துவிடும். டிஸ்க்காக வந்தால் அதுதான் வரும் தலைமுறைக்குப் படம்.

ஒலியிலும் இதே கதை. மோனோவில் பதிவான பாட்டைப் பிரித்து, எதிரொலி சேர்த்து, ‘5.1 டிடிஎஸ்’ என்று முத்திரை குத்துகிறார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி தம் காலத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அளந்து வைத்த சமநிலையை இவர்கள் கலைக்கிறார்கள். விரும்புகிறவர்கள் அதையும் கேட்கட்டும். பழைய மோனோ ஒலியையும் கூடவே ஒரு தடத்தில் வைப்பதற்கு டிஸ்க்கில் பிடிக்கும் இடம் மிகச் சொற்பம். அதைக்கூட வைப்பதில்லை. டிவிக்காக எடுத்த டேப்பிலிருந்து தயாரித்த டிஸ்க்குகளில் இன்னொரு கோளாறு உண்டு. நொடிக்கு 24 படம் ஓட வேண்டியது 25 ஓடும். அதாவது 4 சதவீத வேகம் கூடும், சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். டி.எம். சௌந்தரராஜன் குரலை ஐம்பது வருடமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே உறுத்தும். இந்தப் பகுதியில் சங்கீதம் கற்ற வீடுகள் நிறைய. அவர்களை ஏமாற்ற முடியாது.

விலையைப் பற்றியும் பேசுவோம். 2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று சந்தையில் இறங்கியது. திருட்டு சிடிக்கு நேர் போட்டியாக வந்த விலை அது. அந்தக் காலத்து மலிவு விலை டிஸ்க்குகளில் ஒரே டிஸ்க்கில் மூன்று படம் வரும். மூன்று மணி நேரப் படம் மூன்றை 4.7 ஜிபி டிஸ்க்கில் அடைத்தால் நொடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.16 மெகாபிட். அது பழைய விசிடியின் அளவு. பெயர் டிவிடி, தரம் விசிடி. ஆனாலும் 34 ரூபாய்க்கு வாங்கியவர் யாரும் குறை சொல்லவில்லை. கொடுத்த காசுக்குக் கிடைத்தது என்று இருந்தார்கள். இன்று அதே தரத்தைப் பல மடங்கு விலைக்கு விற்கும்போது கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

இதற்கு உரிமையாளர்கள் சொல்லும் பதில்கள் நமக்குத் தெரியும். முதல் பதில், “நெகட்டிவ் இல்லை.” இது பல படங்களுக்கு உண்மை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று எங்கும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. ஐம்பதுகளின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பின்னால் வந்த அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்து, வினிகர் வாடை அடித்து, சுருண்டு போகும். அறுபது, எழுபதுகளின் ஈஸ்ட்மேன் கலர் பிரிண்டுகளில் நீலமும் பச்சையும் மங்கி, சிவப்பு மட்டும் மிஞ்சும். வெள்ளி எடுப்பதற்காகவே எடைக்கு விற்கப்பட்ட பிரிண்டுகள் ஏராளம். இழந்தது இழந்ததுதான். ஆனால் கையில் கிடைத்தது ஒரு தேய்ந்த 16 எம்.எம். பிரிண்ட் என்றால், அதைப் பெட்டியின் மேல் எழுதுங்கள். சேகரிப்பவர் அதையும் மதித்து வாங்குவார், விலையை அதற்கேற்ப வையுங்கள். தேய்ந்த பிரிண்டை ஏற்றிவிட்டுப் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று அச்சிடுவது பொய்.

சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் நெகட்டிவ் 1993-ல் லண்டனில் ஒரு லேப் தீ விபத்தில் கருகியது. கருகிய சுருள்களைக் குப்பையில் போடவில்லை. பல வருடம் கழித்து அவற்றைப் பதப்படுத்தி, ஸ்கேன் செய்யக்கூடிய பகுதிகளை மீட்டு, மீதியை மற்றப் பிரதிகளிலிருந்து இட்டு நிரப்பி 2015-ல் வெளியிட்டார்கள். எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னார்கள். தீயில் போன படத்துக்கு அது முடியும் என்றால், லேபில் தூங்கும் படத்துக்கு ஏன் முடியாது?

இரண்டாவது பதில், “செலவு அதிகம், அதற்கான ஆளும் கருவியும் இங்கே இல்லை.” இது முழுப் பொய். உலகின் பல நாட்டுப் படங்களை ஒவ்வொரு சட்டமாகச் சுத்தம் செய்யும் பிரசாத் நிறுவனத்தின் கூடம் இருப்பது சென்னையில்தான். அரவிந்தனின் மலையாளப் படமான ‘தம்பு’ சென்னை பிரசாத்திலும் இத்தாலியின் போலோன்யாவிலும் சீரமைக்கப்பட்டு 2022-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. முன்னின்று செய்தது பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன். நம் ஊர்ப் பிள்ளைகள் ஊராருடைய படத்துக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்கிறார்கள். நம் படத்துக்கு அந்த வேலையைக் கொடுக்க நம்மவர்களுக்கு மனமில்லை.

மூன்றாவது, “சந்தை சிறியது, அதனால் விலை கூடுதல்.” இதில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் பிரதிதான் விற்கும் என்றால் ஒரு பிரதியின் விலை கூடத்தான் செய்யும். கூடட்டும். ஆனால் கூடுதல் விலைக்குக் கூடுதல் படம் வேண்டும், கூடுதல் சாவிக்கொத்து வேண்டாம். 2018-ல் கிரைட்டீரியன் நிறுவனம் இங்மர் பெர்க்மனின் 39 படங்களை ஒரே பெட்டியில் கொடுத்தது. விலை 299.95 டாலர். ஒரு படத்துக்கு 8 டாலருக்கும் கீழே. 2007-ல் வந்த ‘பிளேட் ரன்னர்’ ஐந்து டிஸ்க் தொகுப்பில் அந்தப் படத்தின் வெவ்வேறு வடிவங்கள் இருந்தன. எது இயக்குநர் விரும்பியது, எது தியேட்டரில் வந்தது என்று பார்ப்பவரே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

வெளிநாட்டு நிறுவனங்களும் உத்தமர்கள் அல்ல. ஒரே படத்தை விஎச்எஸ், டிவிடி, ப்ளூ-ரே, 4கே என்று திரும்பத் திரும்ப வாங்க வைக்கிறார்கள். புதுப் பெட்டிக்கு ஒரு புத்தகத்தைச் சேர்த்து, பழைய பெட்டி வாங்கியவருக்கு அதை மறுக்கிறார்கள். நம் ஊர்க்காரருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. அமெரிக்க ப்ளூ-ரே டிஸ்க்குகளில் பல ‘ஏ’ மண்டலப் பூட்டுடன் வருகின்றன, இந்தியா ‘சி’ மண்டலம். வங்காளத்தில் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’யை நியூயார்க்கிலிருந்து வரவழைத்து, கூரியரும் சுங்க வரியும் கட்டி, தாம்பரம் வீட்டில் பிளேயரில் போட்டால் ‘இந்த மண்டலத்தில் ஓடாது’ என்று திரையில் வரும். பழைய படத்துக்கு மண்டலப் பூட்டு போடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதையும் கண்டிக்கிறோம். ஆனால் அந்த டிஸ்க்குக்குள் இருப்பது முழுப் படம். நம்மவர்கள் பெட்டிக்குள் அதுகூட இல்லை.

வெட்டியதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு வழி சொல்கிறோம். படம் தொடங்கும் முன் தணிக்கைச் சான்றிதழ் வரும். அங்கே நிறுத்திப் பாருங்கள். படத்தின் நீளம் அடியிலோ மீட்டரிலோ எழுதியிருக்கும். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் 27.4. வகுத்துப் பாருங்கள். சான்றிதழில் 4,900 மீட்டர் என்றிருந்தால் படம் ஏறத்தாழ 179 நிமிடம் ஓட வேண்டும். டிவி வேகத்தில் ஓடினால் அதில் ஏழு நிமிடம் குறையும், 172 வரும். டிஸ்க்கில் 155 நிமிடம்தான் என்றால் மீதி 17 நிமிடம் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் போவது பாட்டும் நகைச்சுவைப் பகுதியும்தான். எந்தப் பாட்டு போயிற்று என்று தெரிய வேண்டுமானால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போங்கள். அந்தக் காலத்து சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் பக்கபலமாக இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி வீடியோவாக வெளியிடப்படும் படத்தின் உறையில் தணிக்கைச் சான்றிதழின் நகல், வீடியோவைத் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் அனுமதி பெற்றதற்கான உறுதிமொழி, உரிமையாளரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். மேலும் படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுதான். 1964-ல் வந்த படங்களுக்கு அது 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பாட்டுக்கும் கதைக்கும் தனி உரிமை உண்டு என்பது வேறு விஷயம். ஆனால் மக்கள் சொத்தாகிவிட்ட படத்தின் நெகட்டிவ்வை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டு, தேய்ந்த பிரதியைப் பொன் எழுத்துப் பெட்டியில் விற்பதை எப்படி ஏற்பது?

எனவே நாம் கேட்பது இவ்வளவுதான். பெட்டியின் பின்புறம் படம் எதிலிருந்து எடுக்கப்பட்டது, நெகட்டிவ்வா, பிரிண்டா, டேப்பா என்று அச்சிட வேண்டும். ஓடும் நேரத்தையும் சான்றிதழில் உள்ள நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். ஒரிஜினல் சட்டத்தை மாற்றக் கூடாது, மாற்றினால் ஒரிஜினலையும் கூடவே தர வேண்டும். மோனோ ஒலி இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் படத்தின் மேல் லோகோ வரக் கூடாது. அலங்காரப் பெட்டி வேண்டாதவருக்கு அதே டிஸ்க் சாதாரண உறையில் குறைந்த விலைக்குக் கிடைக்க வேண்டும். இதுவரை குறையுள்ள பெட்டிகளை விற்றவர்கள் மாற்று டிஸ்க் தர வேண்டும், முடியாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும்.

தமிழக அரசுக்கும் ஒரு சொல். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் தொடங்கியது. மத்திய அரசின் திரைப்படப் பாரம்பரியத் திட்டத்துக்கு 597 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சினிமாவிலிருந்து முதல்வர்களை எடுத்த மாநிலம் தன் படங்களுக்காகப் புனேயையே நம்பியிருக்கக் கூடாது. தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. குளிரூட்டிய நெகட்டிவ் கிடங்கு ஒன்றை அங்கே அமைத்து, மூடிய லேபுகளில் கிடக்கும் சுருள்களுக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும்.

ஏமாந்த வாசகர்கள் பெட்டியையும் பில்லையும் தூக்கிப் போட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தாம்பரம்வாசிகளுக்கு அது செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.